மூல ஓலையும் ஊன்றுகோலும்

சிவபெருமானே ஒருமுறை மூல ஓலையைக் காட்டித்தான் வழக்கில் ஜெயித்தார். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த நேரத்தில் கிழவராக வந்து, இவன் எனக்கு அடிமை என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி, மூலம் பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வழக்கைக் கொண்டுபோனார். வழக்கம், ஆவணம், சாட்சி இந்த மூன்றில் உம்மிடம் எது இருக்கிறது என்று சபை கேட்டது. மூல ஓலை வந்தது. சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துள்ள இன்னோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது உண்மை என்றே படும். அலுவலகம் தெரியாத ஆள் இப்படி எழுத முடியாது. ‘ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் கொண்டுவா’ என்று சொல்லித்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன்.

நான் அல்சூர்க்காரி. தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து கன்டோன்மென்ட் பக்கம் பிழைக்க வந்த குடும்பம். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை. எது என்பது இங்கே தேவையில்லை. உடல் குறையோ கற்றல் குறையோ உள்ள மாணவர்கள் தேர்வுக்கு, சொல்லச் சொல்ல எழுதித்தரும் ஸ்க்ரைப் கேட்டும், கூடுதல் நேரம் கேட்டும், பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்டும் தருகிற விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொரு கோப்பும் ஒரே வரிசை: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. கார்டின் நகல், அரசு மருத்துவமனைச் சான்றிதழ், கற்றல் குறை என்றால் பெரும்பாலும் நிம்ஹான்ஸ் ரிப்போர்ட், துறைத் தலைவரின் கடிதம், ஸ்க்ரைபாக வருபவரின் மார்க் ஷீட். கார்டைத் திறந்து படிக்கவே வேண்டாம், நிறம் போதும். குறை 40 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் வெள்ளை, அதற்கு மேல் மஞ்சள், 80ஐத் தொட்டுவிட்டால் நீலம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் வருஷச் சட்டம் ஏழு வகைக் குறைகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016இல் வந்த புதுச் சட்டம் அதை 21 ஆக்கியது. டிஸ்லெக்ஸியா, பார்க்கின்சன், ஹீமோபீலியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில்தான் உள்ளே வந்தார்கள். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் ஐந்து விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்லும் அதே சட்டம், அந்த இடத்துக்கு 40 விழுக்காட்டை வாசற்படியாக வைத்தது. அந்தப் படியை வேறு வாசல்களுக்கும் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டது எங்களைப் போன்ற அலுவலகங்கள்தான்.

கண்ணுக்குத் தெரிகிற குறையில் சிக்கல் குறைவு. வீல்சேரில் வரும் பையனிடம் காகிதம் கேட்போம், சந்தேகப்பட மாட்டோம். தெரியாத குறையில்தான் கேள்வியே ஆரம்பிக்கிறது. ஒருவர் தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வதை மற்றவர் எதை வைத்து நம்புவது? இதைச் சட்டக் கேள்வி என்று நினைத்துத்தான் நான் வேலை பார்த்துவந்தேன். சைவ சித்தாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு, அதைவிடப் பழைய கேள்வி என்று புரிந்தது.

ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். பி.காம். இரண்டாம் வருஷம். பேனாவைப் பிடித்து அரைப்பக்கம் எழுதுவதற்குள் ஆள்காட்டி விரல் தானாக மேலே எழும்பிக்கொள்ளும், கட்டைவிரல் பேனாவை நசுக்கும், மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கும். பேனாவுக்கு ரப்பர் பேண்டு சுற்றிப் பார்த்தாளாம். ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவே செருகி எழுதிப் பார்த்தாளாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நரம்பு மருத்துவர் பார்த்துவிட்டு ரைட்டர்ஸ் க்ராம்ப் என்று எழுதிக் கொடுத்தார். எழுதும் வேலைக்கு மட்டும் கை மக்கர் பண்ணும், மற்றதுக்கெல்லாம் சரியாக இருக்கும் நோய் அது. 21 வகைப் பட்டியலில் அதன் பெயர் தனியாகக் கிடையாது. விழுக்காடு போட்டால் 40 பக்கம்கூட வராது.

அம்மாவோடு வந்திருந்தாள். என் பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிதர், மண்டியா பக்கம். அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொல்லி, “ஒந்து பேஜ் பரெது தோர்ஸம்மா” என்றார். அவள் எழுதினாள். முதல் நான்கைந்து வரி அச்சடித்ததுபோல இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுத்து கோட்டைவிட்டு ஏறியது. அரைப் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. அம்மா எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண் போனை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் கடகடவென்று யாருக்கோ மெசேஜ் அடித்தாள்.

“நோடி மேடம், டைப் மாட்தாளல்லா!”

டைப் பண்ணுகிறாளே என்று அவர் சொன்னது குற்றச்சாட்டு என்று அம்மாவுக்கு உறைக்கவில்லை. “பூக்கூட நல்லா கட்டுவா மேடம். அவ கட்டின சரத்துல நடுவுல இடைவெளியே இருக்காது” என்றார். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தியதைப் பார்த்தேன். மகளின் கையைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் அந்த அறையில் மகளுக்கு எதிரான சாட்சியாகிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் எங்கள் வகுப்பில் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி நடந்துகொண்டிருந்தது. சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டுக் கூடம். பாடம் நடத்தும் ஐயா கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனாலோ என்னவோ, அளவையை நடத்தும்போது அவருக்குத் தனி உற்சாகம் வரும். கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒன்றை நாம் எப்படி அறிகிறோம், எது சான்றாகும் என்று தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் வைத்த ஒழுங்கு. பத்து அளவை சொல்வார் உண்டு, மூன்றில் எல்லாம் அடங்கும் என்பது அவர் கட்சி: காண்டல், கருதல் என்னும் அனுமானம், உரை என்னும் ஆகமம். காண்டலிலேயே நான்கு வகை. கண் காது வழியாகக் காண்பது ஒன்று, மனத்தால் காண்பது ஒன்று, யோகியர் காண்பது ஒன்று. இன்னொன்றுக்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர். தன் இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் தானே அறிவது.

நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வலியை உணர்பவன் அதை ஊகிக்கவில்லை, நம்பவில்லை, காண்கிறான் என்கிறது இந்த நூல். மலையில் தெரியும் புகையைக் கண்ணால் காண்பது எந்தத் தரத்தில் சான்றோ, அதே தரத்தில் இதுவும் சான்று. எங்கள் படிவத்தில் இந்தக் காட்சிக்கு ஒரு வரிகூட இடம் கிடையாது. பெயர் உண்டு, பதிவெண் உண்டு, குறையின் வகை, விழுக்காடு, சான்றளித்த அதிகாரி, முத்திரை எல்லாம் உண்டு. ‘உனக்கு என்ன ஆகிறது’ என்று அந்தப் பிள்ளையைக் கேட்கும் கட்டம் மட்டும் இல்லை. மெடிக்கல் போர்டு சொல்வதுதான் எங்களுக்கு ஆகமம்.

பாடம் முடிந்ததும் ஐயாவிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கட்சியில் சேரவில்லை. “அம்மா, தன்வேதனை அவளுக்குக் காட்சி. உனக்கு அது காட்சி ஆகாது. நீ அவள் உயிருக்குள் புகுந்து பார்க்க முடியாது. உனக்கு இருக்கிறது அனுமானமும் உரையும்தான். அதனால்தானே அனுமானத்தைத் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என்று பிரித்து வைத்திருக்கிறான்? சபையில் நிற்கும்போது பிறர்பொருட்டுத்தான் பேச வேண்டும்.” தணிக்கைக்காரர் பதில். தப்பும் இல்லை.

பக்கத்து மேசைக்காரரின் பயமும் அதுதான். சொன்னால் போதும் என்று வைத்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்பார்களே? 2024இல் பயிற்சியில் இருந்த ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் மாற்றுத்திறன் சான்றிதழைப் பற்றி நாடே பேசியது. அந்த வருஷ ஜூலை முடிவதற்குள் யூ.பி.எஸ்.சி. அவர் தேர்வையே ரத்து செய்தது. அதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஒருத்தர்மேல் விழுந்த சந்தேகத்தை அடுத்து வருகிறவர்களெல்லாம் சுமக்கிறார்கள். கள்ள நோட்டு ஓடுகிறது என்பதற்காகக் கடைக்காரர் எல்லாக் காசையும் திருப்பிக் கொடுத்துவிடுவதில்லை. இந்த விஷயத்தில் மட்டும் நாம் கொடுத்துவிடுகிறோம்.

சான்றே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்குச் சான்று, அந்தக் காரியத்துக்கு எவ்வளவு சான்று என்பதில்தான் எனக்கு வழக்கு. திருவெண்ணெய்நல்லூரில் கிழவர் கேட்டது ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும். அப்படிக் கேட்பவன் கடவுளாகவே இருந்தாலும் மூல ஓலை காட்டத்தான் வேண்டும், காட்டாமல் சபை விட்டிருக்கக் கூடாது. அதே சுந்தரர் பிற்பாடு திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிக் கண் இழந்து, திருவெண்பாக்கம் போய் நின்றபோது அவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அங்கே யாரும் சபை கூட்டவில்லை, ஓலை கேட்கவில்லை. சுந்தரருக்குத்தான் கோபம்: கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறாயே என்று. இப்போது பூண்டி ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் கோயிலில் நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருப்பது அவர் அந்தக் கோலை வீசியதால்தான் என்று ஊரில் கதை சொல்வார்கள். கண் பிறகு வந்தது, இடது கண் காஞ்சியிலும் வலது கண் திருவாரூரிலும். ஆனால் வெண்பாக்கத்திலிருந்து காஞ்சி வரை அவரை நடத்திக் கூட்டிப்போனது கோல்.

சுந்தரர் கண்ணை இழந்தது திருவொற்றியூரை விட்டுப் போகமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதால் என்று புராணம் காரணம் சொல்கிறது. எனக்கு அங்கேதான் நெருடும். என் மேசைக்கு வரும் அம்மாக்களில் பாதிப்பேர் தணிந்த குரலில், என்ன பாவம் பண்ணினோமோ மேடம் என்பார்கள். எங்கள் படிவத்திலும் ‘காரணம், எப்போதிலிருந்து’ என்று ஒரு கட்டம் இருக்கிறது; பாவத்தின் மறுபெயர் மாதிரி அதை நிரப்புவார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் கதை சுந்தரருடையது இல்லை. அதே பெரியபுராணத்தில் தண்டியடிகள் இருக்கிறார். பிறந்ததிலிருந்தே கண் இல்லாதவர். ஏன் இல்லை என்று சேக்கிழார் காரணம் தேடிப் போவதில்லை. திருவாரூர்க் குளம் தூர்ந்து குறுகிப்போனதைப் பார்த்து, அதாவது அறிந்து, தானே தோண்ட இறங்குகிறார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார், மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டுவார்.

அந்தக் கதையின் முடிவு எனக்கு ஒட்டாது. அவருக்குக் கண் வருவதும் கேலி செய்த சமணருக்குக் கண் போவதும் அந்தக் காலத்துச் சமயப் பகையின் கணக்கு. நான் நிற்பது கயிற்றோடு. கேலி செய்தவர்கள் சும்மா கேலியோடு விடவில்லை, மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கினார்கள், தறியைப் பறித்தார்கள். அவர் வேலை நின்றது அப்போதுதான். அதுவரை அவருக்குக் கண் இல்லாதது குளம் வெட்டத் தடையாக இருக்கவில்லை. எத்தனை விழுக்காடு குருடு என்பது அந்தக் குளத்துக்குத் தேவையில்லாத கணக்கு. இரண்டு தறி எங்கே நட வேண்டும் என்பதுதான் தேவையான கணக்கு, அதை அவர்தான் சொல்ல முடியும்.

உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது. விகாஷ் குமார் என்ற எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு இதே ரைட்டர்ஸ் க்ராம்ப். 2018 சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்டார். 40 இல்லை என்று யூ.பி.எஸ்.சி. மறுத்தது. 2021 பிப்ரவரி 11ஆம் தேதி நீதிபதி சந்திரசூட் அமர்வு, 40 என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவு, ஸ்க்ரைபுக்கு அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்ற கருத்தில் தீர்ப்புத் தந்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கென்று மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதிலும் இன்னொரு சான்றிதழ். 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கில், 40க்கு மேல் கீழ் என்ற பாகுபாடே தேர்வறை வசதிகளுக்கு வேண்டாம் என்று நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கும் கைதான் பிரச்சினை.

இவற்றுக்கு நடுவே 2024 அக்டோபரில் வந்தது ஓம்கார் கோண்ட் வழக்கு. பேச்சுக் குறை உள்ள பையன், எம்.பி.பி.எஸ். இடம் கேட்டான். ஒதுக்கீட்டில் நுழைய 40 வேண்டும். பேச்சுக் குறை 40ஐத் தொட்டால் மருத்துவம் படிக்கவே தகுதியில்லை என்று இன்னொரு விதி. 39 என்றால் போதாது, 40 என்றால் அதிகம். நீதிபதி விஸ்வநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு, எண்ணை வைத்துக் கதவைச் சாத்தாதே, இந்தப் படிப்பை இவனால் படிக்க முடியுமா என்று ஆளைப் பார்த்துச் சொல் என்றது.

ஐயாவிடம் அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை அவர் பாடத்தையே அவருக்கு எதிராக எடுத்தேன். கண் தானாகப் பார்ப்பதில்லை, ஒளி வேண்டும். ஒளி இருந்தாலும் உயிர் கூடிநின்றால்தான் கண்ணுக்குக் காட்சி. அந்த உயிரும் இறைவன் உடனிருந்தால்தான் அறியும் என்று அவர்தானே நடத்தினார்? இறைவன் உயிருக்குச் செய்யும் உதவியைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டாகச் சித்தாந்தம் பிரிக்கிறது. காட்டுவான், கூடவே நின்று காணவும் செய்வான். அப்படியானால் உதவியில்லாமல் அறியும் உயிர் என்று ஒன்று இந்தத் தத்துவத்திலேயே கிடையாது. எங்கள் தேர்வு அரங்கில் டியூப்லைட் மாற்ற வருஷா வருஷம் பில் போடுகிறோம். கண் தெரிகிறவர்கள் வெளிச்சம் கேட்டு விண்ணப்பம் கொடுப்பதில்லை. இருட்டில் படிக்க முடியாது என்பதற்கு மருத்துவர் கையெழுத்து வாங்கிவருவதில்லை. பார்வையில்லாத மாணவிக்கு அந்த விளக்கால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அவளுக்கு வேண்டிய ஸ்க்ரைபுக்கு மட்டும் நான்கு காகிதம்.

ஐயா சிரித்தார். “உபகாரம் எல்லாருக்கும் உண்டு, சரி. ஆனா அது பக்குவம் பார்த்து நடக்கும்மா.”

“பக்குவத்தை அவன் விழுக்காட்டில் பார்க்கிறானா ஐயா?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. காபி வந்துவிட்டது.

மூன்று அளவையையும் வைத்துக்கொண்டு ஒரு புதுப் படிவம் எழுதிக் கன்ட்ரோலருக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் மாணவரே எழுதும் இடம்: தேர்வு எழுதும்போது உனக்கு என்ன ஆகிறது, என்ன இருந்தால் எழுத முடியும். கையால் எழுத முடியாவிட்டால் சொல்லலாம், நாங்கள் எழுதிக்கொள்வோம். அடுத்து, கூட இருந்து பார்த்தவர்கள், பாடம் நடத்தும் ஆசிரியரோ பள்ளியில் இருந்தவரோ, கண்டதைச் சொல்லும் இடம். அதற்குப் பிறகு மருத்துவர். அவரிடமும் எத்தனை விழுக்காடு என்று கேட்கவில்லை, இந்த மாணவர் கேட்கும் வசதி இந்தக் குறைக்குப் பொருந்துமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். விழுக்காட்டுக் கட்டத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன், உதவித்தொகைக்குக் கேட்பார்கள். ‘சட்டப் பிரிவின் கருத்து தேவை’ என்று பச்சை மையில் ஒரு குறிப்போடு அது இப்போது எங்கேயோ இருக்கிறது.

அந்த ஓசூர்ப் பெண் பழைய படிவத்திலேயே, 2022 வழிகாட்டுதலின் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்து, இந்த செமஸ்டரை லேபில் இன்டர்நெட் துண்டித்த ஒரு கம்ப்யூட்டரில் எழுதினாள். மணிக்கு இருபது நிமிஷம் என்ற கணக்கில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். அந்தக் கூடுதல் நேரத்தில் பாதிகூட ஆவதற்குள் முடித்துவிட்டு வெளியே வந்தாள். பக்கத்து மேசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு எதற்கு ஒரு மணி நேரம் என்று கேட்டார். “மத்தே யாக்கே மேடம் ஒந்து கண்டே?”

கோப்பைத் திறந்து அவள் விண்ணப்பத்தைக் காட்டினேன். அவள் கேட்டது கீபோர்டு ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரம் எங்கள் விதிப்படி அதோடு சேர்ந்து வந்தது.